பதினோராவது வரி

பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. இப்போதும் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. நடந்ததை எழுதுகிறேன், சந்தேகப்படுவது உங்கள் இஷ்டம்.

எண்பதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் ஒரு நூல் மில்லின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்த்தேன். தொழிலாளர் வருகைப் பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவர் முருகையா. அதைச் சோதிப்பது என் வேலை. அதற்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதியிருந்தேன். அது தானாகவே புரோகிராமை ஓட்டி, வரும் பட்டியலைச் சரியான பட்டியலோடு ஒப்பிடும். எங்கள் மெஷினில் சரி என்றது, ராஜபாளையம் கிளை மெஷினில் தப்பு என்றது. புரோகிராமில்தான் கோளாறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"கடிகாரத்தப் பாத்துப் பதில் சொல்லுத டெஸ்ட வச்சு எனக்கு மார்க் போடுதீரே வே" என்றார் முருகையா.

அவர் சொன்னதுதான் உண்மை. என் ஸ்கிரிப்ட் தேதியை அந்தந்த மெஷினின் கடிகாரத்திலிருந்து எடுத்தது. ராஜபாளையத்தில் பேட்டரி போய்க் கடிகாரம் ஒரு நாள் பின்தங்கியிருந்ததால் வேறு நாளின் பட்டியல் வந்திருக்கிறது. அன்று சாயங்காலமே கண்டுபிடித்துவிட்டேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் அவரை நீக்கினார்கள். போகும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்த மாதமே கரிவலம் சாலையில் லாரி மோதி இறந்தார்.

பிறகு ஓசைப்படாமல் ஸ்கிரிப்டில் ஒரே தேதியை நிலையாக எழுதி வைத்தேன். எந்த மெஷினில் ஓட்டினாலும் இனி ஒரே விடைதான் வர வேண்டும். அதன் நகலை ஒரு பிளாப்பித் தட்டில் போட்டு ராஜபாளையத்துக்கு பஸ்ஸில் அனுப்பிவிட்டு, ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு முதலாளி முன்னால் ஓட்டிக் காட்டினேன். கொடுத்தது பத்துக் கற்பனைப் பெயர்கள். பிரிண்டர் பதினோரு வரி அடித்தது. கடைசி வரியில் முருகையா, வேலைக்கு வந்திருப்பதாக.

எல்லாவற்றையும் அழித்து, பிளாப்பியிலிருந்து புதிதாக ஏற்றி ஓட்டினேன். அதே பதினொன்று. ராஜபாளையத்துக்கு போன் போட்டேன். அங்கே புதிதாகச் சேர்ந்திருந்த ஆபரேட்டர் கோமதி ஓட்டிப் பார்த்துவிட்டு, "பதினொண்ணு வருது சார். முருகையான்னு ஒருத்தரு. யாரு சார் அவரு?" என்றாள்.

இரண்டு மெஷினும் முதல்முறையாக ஒரே விடை சொல்லியிருந்தன.

முதலாளி காகிதத்தைத் தட்டினார். "ஏலே, இதும் அவன் செஞ்ச கோளாறுதானா?"

ஆமாம் என்றால் என் வேலை பிழைக்கும். ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல அண்ணாச்சி. அப்பவும் அவர் மேல தப்பு இல்ல. தப்பு என் டெஸ்டுல. தெரிஞ்சேதான் மறைச்சேன்" என்று வந்தது.

அவர் காகிதத்தை மேசையில் வைத்தார். "இன்னொருக்க ஓட்டு" என்றார். பத்து வரி. சரியான பட்டியலோடு வித்தியாசம் எதுவும் இல்லை. "சரி, நாளைக்கு நீ வராண்டாம்" என்றார் முதலாளி.

அப்போது போன் அடித்தது. கோமதி. "சார், இங்கனயும் இப்ப பத்துதான் வருது."

"திரும்ப ஓட்டச் சொன்னது யாரு?"

"உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு அண்ணாச்சி பேசுனாவளே. 'அவன் ஒப்புக்கிட்டான், இனி ஓட்டும்மா'ன்னு சொன்னாவ."

மில்லில் வெளியூருக்குப் பேச இருந்தது அந்த ஒரு போன்தான். முதலாளி வந்ததிலிருந்து அது என் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது; நான் கோமதியிடம் பேசி வைத்த பிறகு யாரும் அதை எடுத்துப் பேசவில்லை. அந்தக் குரல் எப்படி இருந்தது என்று கோமதியிடம் நான் கேட்கவில்லை. இன்று வரை கேட்கவில்லை.