படகில் இருந்த இன்னொரு தமிழர்

வேலையை விட்டுவிட்டு முதுகுப்பையோடு ஊர் சுற்றிய ஆண்டில், அமேசான் ஆற்றில் நான்கு நாள் படகில் போனேன். துணி ஊஞ்சல்களைக் கட்டி எல்லோரும் நெருக்கியடித்துப் படுத்திருந்தோம்.

இரண்டாம் நாள் மத்தியானம், ஒரு சிற்றூர்க் கரையில் சிக்னல் கிடைத்தது. கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் இருக்கும் அம்மாவை அழைத்து, "ஓம் அம்மா, சாப்பிட்டிட்டன்" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். பக்கத்து ஊஞ்சல்காரர் துள்ளி எழுந்தார்.

"தம்பி, நீங்கள் தமிழோ? கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்ட ஏஜென்ட் நடுவழியில விட்டிட்டுப் போட்டான். ஊரில மனிசி பயந்துகொண்டிருப்பா. உங்கட போனில ஒரு கோல் எடுத்துத் தாறீங்களோ?"

விளங்கவில்லை, மன்னிக்கவும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பொலிஸுக்குப் பயந்தேன் என்றுதான் இதுவரை எனக்கே சொல்லிவந்தேன். உண்மையில், என் உல்லாசப் பயணம் கெட்டுவிடும் என்ற எரிச்சல்.

நான் தமிழில் கதைத்ததைக் கேட்டுவிட்டுத்தான் அவர் வந்தார். ஆனாலும், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ரொறன்ரோ திரும்பி வீட்டில் படங்களைக் காட்டினேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நான் ஏஜென்டை நம்பி ஒளிச்சு ஒளிச்சு வந்தனான். வழியில ஒரு தமிழ்க் குரல் கேக்காதோ எண்டு ஏங்கினனான். நீ பாஸ்போட்டோட ராசா மாதிரிப் போட்டு வாறாய்." பிறகு ஆவலாகக் கேட்டார்: "படகில தமிழாக்கள் ஆரும் இருந்தவையோ?"

"ஒருத்தரும் இல்லையப்பா" என்றேன், நல்ல தமிழில்.