ஆளிறங்கி ஏற்றம்

ஒரு சக்கரம் தன் வண்டியை விட்டுவிட்டுத் தனியாக உருண்டு போவதை என் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். பேச்சிப்பாறை அணைக்கு மேலே, ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு செங்குத்தான ஏற்றம் உண்டு. அண்ணனின் ஜீப் அதில் பாதி தூரம் ஏறியிருந்தது. பயணிகள் நாங்கள் எல்லோரும் இறங்கிப் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்தோம். மரக்கொப்பு முறிந்ததுபோல ஒரு சத்தம். வண்டியின் பின்பக்கம் ஒருபுறமாகத் தரையில் உட்கார்ந்தது. இடது பின்சக்கரம், உடைந்த ஆக்ஸில் துண்டோடு கழன்று, எங்களைத் தாண்டி நிதானமாக உருண்டு, வளைவில் நேரே போய்ப் பள்ளத்துக்குள் விழுந்தது. பிறகு ரப்பர் பால் வெட்டப் போகிற ஒருவர், "டிரைவரே, அதுக்கும் டிக்கெட்டு எடுத்தியளா?" என்று கேட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போன சந்தோஷத்தில் எல்லோரும் சிரித்தோம். அண்ணனும் சிரித்தான்.

அண்ணன் என் கூடப் பிறந்தவன். அணையோடு பஸ் நின்றுவிடும். அதற்கு மேலே மலைக்குடியிருப்புவரை அவனுடைய ஜீப்தான். சத்துணவு அரிசி, ரப்பர் ஷீட்டு, மரச்சீனிக் கிழங்கு, காய்ச்சல்காரர்கள், பிள்ளை பெறப் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் இறந்து வீடு திரும்புகிறவர்கள், எல்லாம் அதில்தான் போய் வந்தன. ஏற்றம் முடிகிற இடத்தில் இருந்த சின்னப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். அணைக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் தங்கி, அந்த வண்டியிலேயே போய் வந்தேன். பின்சக்கரங்களைத் தாங்கிய ஆக்ஸிலும் அதைச் சுற்றிய இரும்புக்கூடும் எத்தனை தடவை வெல்டிங் கண்டவை என்று அவனுக்கே தெரியாது. ஆள் நிறைந்துவிட்டால் ஏற்றத்தில் அது முக்கும். பிரசவ வலிக்காரி பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவதுபோல இருக்கும். அந்தச் சத்தம் கேட்டதும் யாரும் சொல்லாமலே எல்லோரும் இறங்கிவிடுவார்கள். மலையிலிருந்து திரும்பும்போதும், முதல் பாறையில் அது 'டக்' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், இறங்கி நடந்துதான் வருவார்கள். அதனால் அந்த ஏற்றத்துக்கே ஆளிறங்கி என்று பெயர் விழுந்துவிட்டது.

சக்கரம் கழன்ற பிறகு வண்டியை எப்படியோ கட்டி இழுத்துக் குலசேகரத்துக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் இரண்டு வழி சொன்னார். ஒன்று, உடைந்த துண்டை மாற்றி, கூட்டுக்கு இன்னொரு வெல்டிங் வைப்பது. இரண்டாவது, இந்த ஆக்ஸிலையே கழற்றி எறிந்துவிட்டு, உடைக்கப்போட்ட ஒரு சின்ன லாரியின் கனத்த ஆக்ஸிலை வாங்கி மாட்டுவது. அண்ணனுக்கு முதல் வழியே போதும் என்றிருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னான். மைனி, அதாவது அண்ணன் மனைவி, கேட்டுக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

மைனி கடற்கரைக்காரி. அப்பாவும் அண்ணன்மாரும் கடலுக்குப் போக, அம்மா கரையில் நின்று தேய்ந்ததைப் பார்த்து வளர்ந்தவள். மலைக்காரனைக் கட்டினால் அந்தக் காத்திருப்பு இல்லை என்று நம்பி வந்தவள். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் கடல் ஊருக்குள் புகுந்து அவளுடைய தம்பியைக் கொண்டுபோயிருந்தது. அவன் கடலுக்குக்கூடப் போகவில்லை. வாசலில் உட்கார்ந்து வலையை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு மைனிக்குச் சாதாரணச் சத்தங்கள்கூட ஆகாமல் போயின. பால்காரர் மணியடித்தாலே எழுந்து நின்றுவிடுவாள்.

அன்று நடந்த பேச்சு எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "அந்த வண்டி சொல்லிட்டுத்தான் ஒடையும், கேட்டியா. அது முக்கினதுனாலதானே எல்லாவனும் எறங்கினான்? ஒருத்தனுக்கு ஒரு கீறல் உண்டா?" என்றான் அண்ணன். மைனி கையைக்கூடத் துடைக்காமல் எழுந்து வந்தாள். "கடலு சொல்லிட்டா வந்துது?" என்று கேட்டாள். ஆனாலும் அண்ணன் உடனே சம்மதிக்கவில்லை. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மைனி ஒவ்வொரு நாளும் சோறு போடும்போது அதையே பேசினாள். குருசடியில், சிலுவைக்கு முன்னால், மெழுகுவர்த்தி நேர்ந்தாள். "எனக்கு நீங்க வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்" என்று ஒருநாள் என் முன்னாலேயே அழுதாள். அண்ணன் பெரிய ஆக்ஸிலுக்குச் சொல்லிவிட்டான்.

மாட்டி முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது மெக்கானிக் எச்சரித்திருக்கிறார். "லேய், ஆக்ஸில்தான் பெருசு. பிரேக்கு அந்தப் பழசுதான். பழைய கணக்குக்குத்தான் ஆள ஏத்தணும்." அண்ணன் அதை வீட்டில் வந்து எங்களிடமும் சொன்னான். மைனி கேட்டாளோ இல்லையோ, அன்றைக்குப் பாயசம் வைத்தாள்.

புது ஆக்ஸிலோடு வண்டி ஆளிறங்கியில் ஏறிய முதல் நாள் என்னால் மறக்க முடியாதது. சத்தமே இல்லை. அதுவரை பள்ளிக்கூடத்தில் முக்கல் கேட்டதும் சத்துணவு அக்கா உலையில் அரிசி போடத் தயாராவாள். இனி வண்டி வாசலில் வந்து நின்றால்தான் தெரியும் என்றாகிவிட்டது. அண்ணன் தொடக்கத்தில் ஏற்றத்தின் அடியில் வண்டியை நிறுத்தி எல்லோரையும் இறங்கச் சொன்னான். "வண்டிதான் சத்தமே போடல்லியே, என்னத்துக்குச் செல்லம் எறங்கணும்?" என்று கிழவிகள் கேட்டார்கள். மழையில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்பவளிடம் இறங்கு என்று எப்படிச் சொல்வான்? மனிதர்களை அதட்டத் தெரியாத பிறவி அவன். ஒருவரை விட்டுக்கொடுத்தான், பிறகு எல்லோரையும் விட்டுக்கொடுத்தான். கொஞ்ச நாளில் பின்னால் தொங்கினார்கள். அதற்கப்புறம் மேலேயும் ஏறி உட்கார்ந்தார்கள். ரப்பர் ஷீட்டுக் கட்டுகள் இரட்டிப்பாயின. இந்த ஜனங்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை. இத்தனை காலம் ஓர் இரும்பின் முனகலுக்கு அவர்கள் காட்டிய மரியாதையை மனிதன் வாய்ச்சொல்லுக்குக் காட்டவில்லை. மைனி மட்டும் அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினாள். முகத்தில் கொஞ்சம் சதை போட்டது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலை. பள்ளிக்கூட வாசலைக் கடந்து ஜீப் கீழே இறங்கிப் போனது. கீழே சந்தை நாள். உள்ளே, பின்னே, மேலே என்று ஆட்கள். நான் கையைக் காட்டினேன். அண்ணன் தலையை ஆட்டினான். பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து ஹாரன் கேட்டது. விட்டு விட்டு அடிக்கவில்லை. கையை எடுக்காமல் ஒரே நீளமாக அடித்துக்கொண்டு, வேகமாகக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பிள்ளைகள் வாய்ப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். நான் வாசலுக்கு ஓடி வந்தேன். பிறகு ஹாரன் நின்றது.

பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் அண்ணன் "குதியுங்கோ" என்று கத்தியிருக்கிறான். தொங்கியவர்கள் குதித்துத் தப்பினார்கள். பள்ளத்தின் பக்கம் போகாமல் வண்டியை மலைப்பக்கமே ஒடித்துப் பாறையில் கொண்டுபோய் மோதியிருக்கிறான். உள்ளே இருந்தவர்களில் பலருக்கு எலும்பு முறிந்தது, ஒரு பாட்டி அங்கேயே இறந்துபோனாள். அண்ணனுக்கு உயிர் இருந்தது. ஆனால் அந்த மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக இருந்த ஒரே வண்டி அதுதான். போர்வையில் கட்டி, கம்பில் தொங்கவிட்டு, மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். நான் பக்கத்திலேயே ஓடினேன். அணை கண்ணில் படும் முன்பே சுமந்தவர்கள் நடையைக் குறைத்துவிட்டார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மைனி அழுதது அடக்கம் வரைதான். அதற்குப் பிறகு அவள் பேசுவதே குறைந்துவிட்டது. "நீங்க ஆசைப்பட்டது தப்பில்ல மைனி" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "தப்புன்னு நீ சொன்னாலாவது உன்கிட்ட சண்டை போடலாம் மக்கா" என்றாள்.

நொறுங்கிய ஜீப் வீட்டுப் பின்பக்கம் பலா மரத்தடியில் கிடந்தது. முன்பக்கம் அப்பளமாயிருந்தது. பின் ஆக்ஸிலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அடுத்த வருடம், அதே வழியில் புதிதாக ஜீப் ஓட்டத் தொடங்கியிருந்த ஒரு இளைஞன் வந்தான். ஆக்ஸிலை விலைக்குத் தருவீர்களா என்று மரியாதையாகக் கேட்டான். மைனி அவனை உட்காரச் சொல்லி, கட்டன் சாயா கொடுத்தாள்.

"உனக்க வண்டி ஏத்தத்துல முக்குதா தம்பி?" என்று கேட்டாள்.

"முக்கும் அக்கா. ஆளு எல்லாம் எறங்கித்தான் கேறணும். பெரிய மெனக்கேடு."

"இங்க வந்தது உன் வீட்டுக்காரிக்குத் தெரியுமா?"

"அவதான் அக்கா அனுப்பினா. எப்பவும் பயந்து பயந்து சாவுதா."

மைனி அவன் குடித்து வைத்த கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டாள். "ஆக்ஸில் கொடுக்கியதுக்கில்ல" என்றாள். "அவள மட்டும் ஒருநாள் இங்க கூட்டிட்டு வா. நான் அவகிட்ட ஒரு காரியம் பேசணும்."

அவன் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனான். அந்தப் பெண் வரவில்லை. மைனி சாபம் போடத்தான் கூப்பிடுகிறாள் என்று யாராவது அவளிடம் கொளுத்திப் போட்டிருக்கலாம். விதவை வீட்டுக்கு வரப் பயந்திருக்கலாம். மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வேறொரு பெரிய ஆக்ஸில் வந்து அவன் ஜீப்பில் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்டோம்.

நான் இப்போதும் அந்தப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறேன், அவனுடைய ஜீப்பில்தான். ஏற்றத்தின் அடியில் நிறுத்தச் சொல்லி நான் ஒருத்தி மட்டும் இறங்குவேன். பிரேக்கைப் பற்றி அவனிடம் பல தடவை சொல்லியாயிற்று. பார்க்கலாம் டீச்சர் என்பான். நேற்றும் இறங்கினேன். உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு பெண், மடியில் கைக்குழந்தையோடு, என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள்தான் அவனுடைய மனைவி என்று பிறகு சொன்னார்கள்.

"கேறி இருங்கோ டீச்சர்," என்றாள். "இப்பம் பயமே இல்ல."