பவளம் இளைத்த மாதங்கள்

பவளம் அன்று காலை கொட்டகையை விட்டு வெளியே வர மறுத்தாள். முன்னங்கால்கள் இரண்டையும் முன்னால் நீட்டி, உடம்பின் பாரத்தையெல்லாம் பின்னங்கால்களில் போட்டு நின்றாள். கடிவாளத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தேன். ஓர் அடி வைத்தாள். வெயிலில் காய்ந்த தாரில் வெறுங்காலை வைத்தவள் போல உடனே நின்றுவிட்டாள். குனிந்து குளம்பைத் தொட்டேன். சுட்டது.

நான் பிரசவம் பார்க்கும் நர்ஸ். மலாய் நாட்டில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் என் கணவர் தேவசகாயத்தோடு இருந்தேன். அவர் ரயில்வேயில் கார்டு. பவளம் எங்கள் மட்டக்குதிரை. சுமத்திரா இனம், செம்பட்டை நிறம். என்னையும் என் பையையும் வண்டியில் வைத்து, பத்துமலைச் சாலை வரைக்கும் எந்த வீட்டில் வலி எடுத்தாலும் கொண்டுபோய்ச் சேர்ப்பாள்.

மோட்டார் பெருகிவிட்ட இந்நாளில் குதிரை வைத்திருப்பவர்கள் குறைவு. என்றாலும் இருக்கிறார்கள். குளம்பு சுடும் குதிரையின் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர் யாராவது இருந்தால், அவருக்காக இதை எழுதுகிறேன். பயப்படாதீர்கள். எங்களுக்கு நடந்தது முழுவதையும் சொல்கிறேன்.

குதிரை டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். பவளத்தின் குளம்புக்கு மேலே விரலை வைத்து நாடி பார்த்தார். பிறகு பிடரியை அமுக்கினார். பிடரி மயிரின் அடியில் கையளவு தடிப்பாகக் கொழுப்பு திரண்டிருந்தது. அதை நாங்கள் அழகு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

"என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

"புல்லு, கொள்ளு, தவிடு" என்றேன்.

"வேறை?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டு முனியம்மா அக்கா சொன்னார்: "வெல்லமும் குடுப்போம் சார். புள்ள பொறந்த வீட்டுல எல்லாம் குடுப்பாங்க. நாங்க மட்டும் இல்ல."

அது உண்மை. பிள்ளை பிறந்த வீட்டில் எனக்குக் காப்பி வருவதற்கு முன்னால் பவளத்துக்குப் பங்கு போய்விடும். ஆண் பிள்ளை என்றால் வெல்லம், பெண் பிள்ளை என்றால் கரும்பு. ஒரு வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். அங்கே இரண்டும் கிடைத்தன. போகும் வழியெல்லாம் நான் பிரசவம் பார்த்த பிள்ளைகளே நின்றுகொண்டு வாழைப்பழம் நீட்டுவார்கள். ஊரின் சந்தோஷத்தை எல்லாம் அந்தக் குதிரைதான் தின்றது.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டார். "இது கால் வருத்தம் எண்டு நினைக்காதேங்கோ அம்மா. வருத்தம் உடம்பிலை. மனுசருக்குச் சர்க்கரை வருத்தம் வாறமாதிரி, இனிப்பை இந்த உடம்பாலை சமாளிக்க ஏலேல்லை. அது குளம்பிலை போய் நிக்குது."

நோயின் பெயர் குளம்பழற்சி (குளம்பு ஓட்டையும் உள்ளெலும்பையும் ஒட்டிவைத்திருக்கும் மெல்லிய சதை வீங்கிப் புண்ணாவது). மிஞ்சினால் எலும்பு கீழே இறங்கி உள்ளங்குளம்பைக் குத்திவிடும். அப்படி ஆன குதிரையைச் சுட்டுவிடுவதுதான் வழக்கம் என்றார்.

"இதையும் சுடணுமா?" என்று என் கணவர் கேட்டார். அவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"எனக்கு மனமில்லை. கொஞ்ச நாள் பாப்பம். ஆனா நான் சொல்லுறதைக் கேக்கவேணும்."

லாடங்களைக் கழற்றினார். கொள்ளு நிறுத்தம். தவிடு நிறுத்தம். பச்சைப் புல் கூடாது. காய்ந்த புல்லைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, அளவாகக் கொடுக்கவேண்டும். குளம்பு எப்போதும் குளிர்ச்சியில் இருக்கவேண்டும்.

குளிர்ச்சிக்கு எங்கே போவது? ஆற்றங்கரை வரை அவளால் நடக்க முடியாது. முனியம்மா அக்காதான் வழி கண்டுபிடித்தார். பிரிக்பீல்ட்ஸில் செங்கல் சூளைகள் இருந்த காலத்தில் களிமண் தோண்டிய பள்ளங்கள் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. அங்கிருந்து களிமண் கொண்டுவரலாம் என்றார். அன்று மத்தியானமே பெண்கள் கூடைகளோடு வந்துவிட்டார்கள். எல்லோரும் என் கையில் பிள்ளை பெற்றவர்கள். கொட்டகையின் முன்னால் குழி வெட்டி, அந்தச் சில்லென்ற சேற்றைக் கொட்டி நிரப்பினோம். பவளம் முன்னங்காலை அதில் இறக்கினாள். மூக்கு விடைத்தது. பிறகு ஒரு நீண்ட பெருமூச்சு விட்டாள். எங்களில் இரண்டு பேர் அழுதோம், மற்றவர்கள் சிரித்தார்கள்.

முனியம்மா அக்கா வாசலில் உட்கார்ந்து காவல் காத்தார். வெல்லத்தோடு வந்தவர்களை எல்லாம் விரட்டினார். "நமக்குப் பத்தியம் போட்டாங்கள்ல நர்ஸம்மா, நாம கேக்கல? இதுவும் கேக்கட்டும். போ, போ!"

பவளம் இளைக்கத் தொடங்கினாள். பிடரி மேடு தளர்ந்தது. நாலைந்து அடி சேறு இல்லாத தரையிலும் நடந்தாள். நான் பிரசவங்களுக்கு நடந்தே போனேன், தூரமென்றால் ரிக்‌ஷா. வண்டியில் போன காலத்தில் ரயில் பாதையோரம் இத்தனை வீடுகளில் மல்லிகை இருப்பதை நான் பார்த்ததே இல்லை. என் உடம்பும் இளைத்தது. "அம்மாவும் குதிரையும் ஒரே பத்தியமா?" என்று தெருவே கேட்டது.

அப்போதுதான் மறுபடியும் குளம்பு சுட்டது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காவல் தவறவில்லை; புல்லும் மாறவில்லை. ஆனால் பவளத்தின் உதட்டில் பழுப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தேன். வெல்லம்.

என் கணவர் வேலைக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்சூண்டுதான்மா. டூட்டி முடிஞ்சு வரப்ப எல்லாம் அது என்னையே பாக்குது."

"எத்தனை நாளா?"

"ஜெபம் பண்ணிட்டுத்தான் குடுத்தேன்" என்றார்.

கோபத்தில் கத்த வாயைத் திறந்தேன், சிரிப்புதான் வந்தது. அவரும் சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து குழியில் சேறு மாற்றும் வேலை முழுவதும் அவருடையது. உங்களுக்கும் இதைச் சொல்கிறேன்: பத்தியத்தை உடைப்பது பெரும்பாலும் விரோதிகள் அல்ல, அன்பு மிகுந்தவர்கள்தான். அவர்களைத் திட்டாதீர்கள். வேலை கொடுங்கள்.

மறுபடியும் தேறினாள். விலா எலும்பு மங்கலாகத் தெரிந்தது. கழுத்து வடிவாக வந்துவிட்டது. வயிறு மட்டும் குறையவில்லை. நான் புல்லை இன்னும் குறைத்தேன். வயிறு இன்னும் இறங்கியது.

ஒரு காலையில் அவள் குளிர்ந்த தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, ஈரத் துணியால் விலாவைத் துடைத்தேன். என் உள்ளங்கையின் கீழே ஏதோ ஒன்று தட்டியது. கையை எடுக்கவில்லை. மறுபடியும் தட்டியது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். என் கை வாழ்நாளெல்லாம் தேடிப் பழகியது அதைத்தான். ஊரில் எந்தப் பெண் தலை சுற்றி உட்கார்ந்தாலும் சேதி சொல்லிவிடும் நர்ஸுக்கு, சொந்தக் கொட்டகையில் நடப்பது தெரியவில்லை.

"என்னங்க!" என்று கூப்பிட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக் கோழிகள் பறந்தன.

கிறிஸ்துமஸுக்குக் கிள்ளானுக்கு அவருடைய தங்கை வீட்டுக்குப் போனபோது, பவளத்தையும் அங்கே ஒரு மலாய்க் குதிரைக்காரரின் லாயத்தில் விட்டிருந்தோம். அவரிடம் ஒரு கறுப்பு ஆண் குதிரை இருந்தது. என் கணவர் விரல் விட்டு மாதங்களை எண்ணிப் பார்த்து, வெட்கப்பட்டார்.

டாக்டர் வந்தார். முதல் தடவையாக அவர் சிரித்ததைப் பார்த்தேன். உடனே முகம் இறுகியது. "இனிப் பட்டினி போடக்கூடாது அம்மா. சினைக் குதிரையைப் பட்டினி போட்டால், உடம்புக் கொழுப்பு இரத்தத்திலை கலந்து உயிருக்கே ஆபத்து. அளவாய்க் குடுங்கோ, அடிக்கடி குடுங்கோ."

அந்த வாரங்கள் கயிற்றின் மேல் நடப்பது போலிருந்தன. அதிகம் கொடுத்தால் குளம்பு, குறைத்தால் உயிர். சிறு கட்டுகளாகப் புல்லைப் பிரித்துவைத்து, ஆள் மாற்றி ஆள் கொடுத்தோம்.

விடியும் நேரத்தில் பவளம் படுத்தாள். செய்தி எப்படிப் போனதோ, சூரியன் மேலே வருவதற்குள் வேலி நிறையப் பெண்கள். இடுப்பில் பிள்ளைகள். அத்தனை பேருக்குப் பிரசவம் பார்த்த நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

"நர்ஸம்மா," என்று முனியம்மா அக்கா தோளைப் பிடித்தார், "மூச்ச விடு, மூச்ச விடுன்னு எங்கள மெரட்டுவீங்களே. இப்ப நீங்க விடுங்கலா."

விட்டேன். பவளம் முக்கினாள். வெள்ளை உறையோடு முதலில் இரண்டு சிறு குளம்புகள், அவற்றின் மேல் ஒரு மூக்கு. நான் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. குட்டி வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. கறுப்பு. வேலியோரம் எழுந்த குலவைச் சத்தத்தில் ஸ்டேஷனே திரும்பிப் பார்த்திருக்கும். என் கணவர் சேற்றில் முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னார். கால்கள் நான்கும் நான்கு பக்கம் போக, குட்டி விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, கடைசியில் நின்றது.

பவளம் முழுக்கக் குணமாகவில்லை. இந்த நோயில் அது எதிர்பார்க்கக்கூடாதது. நீண்ட தூரம் போகமாட்டாள். கல் ரோட்டில் நானும் இறங்கி அவளோடு நடப்பேன். முன்பெல்லாம் வண்டியில் ஏறியதும் இன்னும் எவ்வளவு நேரம், இன்னும் எவ்வளவு நேரம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இப்போது அவள் காதின் அசைவையும் என் முழங்காலின் வலியையும் கேட்டுக்கொண்டே போகிறேன். இரண்டும் சரியென்றால் போகிறோம், இல்லையென்றால் நிற்கிறோம்.

போன வாரம் செந்தூலில் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. புறப்பட்டோம். குட்டி முன்னால் துள்ளி ஓடியது. பவளம் கழுத்தை நிமிர்த்தினாள். நான் கடிவாளத்தைத் தளர்த்தினேன். வளைவு வரை ஓடினாள், நின்றாள், மூச்சு வாங்கினாள். கூடவே இறங்கி ஓடிய நானும்தான். காற்று நன்றாக இருந்தது. நிதானமாகப் போய்ச் சேர்ந்தோம்.

உள்ளே பிள்ளை அழும் சத்தம் கேட்டது. எனக்காகக் காத்திருக்கவில்லை. கட்டிலில் கிடந்த தாய் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வாங்கம்மா," என்றாள், "மெதுவாவே வாங்க."