கொக்கி போடாத வாசல்

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு வாசல் கேட்டுக்கு இன்றும் நான் கொக்கி போடுவதில்லை.

நாங்கள் பைரவரைக் கும்பிடுகிற குடும்பம். தேய்பிறை அஷ்டமிக்குக் கோயிலுக்குப் போய்வந்ததும் என் மனைவி வாசலில் நாய்களுக்குத் தயிர்சாதம் வைப்பாள். அதைப் பார்த்துத் தெருக்காரர்களும் எங்கள் வாசலிலேயே வைத்தார்கள். பிறகு சாதத்தோடு குட்டிகளும் வந்தன. கழுத்தில் செவ்வரளி மாலையைப் போட்டு விட்டுவிட்டுப் போவார்கள்.

"சாமியோட வாகனம்க்கா. உன் வூட்ல இருந்தா எங்களுக்கும் புண்ணியம்."

மாலையோடு வந்ததை எப்படித் திருப்பி அனுப்புவது? உள்ளே சேர்த்துக்கொண்டாள். அடுப்படி, கூடம், மாடிப்படிக்கு அடியில், எங்கே பார்த்தாலும் சங்கிலியில் கட்டிய நாய். மணலி ஆலைகளின் நாற்றக் காற்றையும் மிஞ்சியது எங்கள் வீட்டு வாடை. பக்கத்து வீட்டார் நகராட்சியில் சொல்ல, சுகாதார ஆய்வாளர் வந்தார். மூக்கைப் பொத்தாமல் உள்ளே வந்த மனிதர்.

"எத்தினி நாய் வெச்சிக்கலாம்னு சட்டத்துல எதுனா இருக்குதா சார்?" என்றாள்.

"எண்ணிக்கை பேச நான் வரலம்மா. அக்கம்பக்கத்துக்கு நாத்தம், நோய்னு ஆனா நோட்டீஸ் குடுத்து அப்புறப்படுத்தலாம். எடமில்லாம கட்டிப்போட்டு வெக்கிறது அது தனி. அதுக்குப் பேரு மிருகவதை. பாசத்துல செஞ்சாலும்."

"வதையா? நானா சார்?"

சங்கிலி உரசிக் கழுத்து ரோமம் உதிர்ந்துபோன ஒரு கிழட்டு நாயை அவர் பார்த்தார். அவளும் பார்த்தாள். முகம் சுண்டிப்போனது.

"கொன்னுடுவீங்களா?"

"அந்தக் காலம் போச்சு. இப்ப தெருநாயைப் புடிச்சா ஆபரேஷன் பண்ணி, ஊசி போட்டு, புடிச்ச எடத்துலயே விடணும்."

"அப்ப என் வூட்ல புடிச்சா என் வூட்லயே விடுவீங்க!"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வூட்ல புடிச்சா அது உங்க நாய்மா. தெருவுல புடிச்சாதான் தெருநாய்."

நாய் பிடிக்கும் வண்டி வந்த காலையில் அவளே எல்லாச் சங்கிலிகளையும் கழற்றினாள். தயிர்சாதத்தைத் தெருவில் வைத்தாள். எல்லாம் வெளியே ஓடின. வலையைக் கண்டதும் கிழட்டு நாய் வீட்டுக்குத் திரும்பி ஓடி வந்தது. "பைரவா, பைரவா" என்று முணுமுணுத்தபடி கேட்டைச் சாத்திக் கொக்கியைப் போட்டாள். அது கம்பியைப் பிராண்டியது.

சொன்ன சொல் தவறாமல், சில நாளில், ஆபரேஷன் ஆன அடையாளமாகக் காது நுனியில் சின்ன வெட்டோடு நாய்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எல்லாம் எங்கள் வாசலிலேயே படுத்தன. அவள் உள்பக்கம் உட்கார்ந்து கம்பிவழியே விரலை நீட்டித் தடவுவாள்.

"உள்ள கூப்புடேன்" என்பேன்.

"கூப்ட்டா மறுபடியும் என் நாயாயிடும். அப்பறம் நோட்டீஸ் வரும்."

வீடு கழுவி, காய்ந்து, பளிச்சென்று ஆனது. அந்த அமைதியில் அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

அந்த நாய்கள் ஒவ்வொன்றாகப் போயின. பிறகு அவளும் போய்விட்டாள். அஷ்டமிக்கு இப்போது நான்தான் சாதம் வைக்கிறேன். காதில் வெட்டு உள்ள பழைய முகம் ஒன்றுகூட வருவதில்லை. வேறு நாய்கள் தின்றுவிட்டுப் போகின்றன. அவள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். கேட்டை வெறுமனே சாத்தி வைத்திருக்கிறேன். மூக்கால் முட்டினால் திறந்துகொள்ளும். நான் கூப்பிடப்போவதில்லை. தானாக உள்ளே வந்தால், அது யாருடைய நாய் என்று பைரவரே சொல்லட்டும்.