அம்மாவுக்குப் போகும் காசும் என் வருமானம்தான்

திருமணத்துக்குப் பிறகு என் சம்பளத்தில் பிடிக்கும் வரி மாறவில்லை. நியூசிலாந்தில் கணவனுக்கும் மனைவிக்கும் வரி தனித்தனி. மகள் பிறந்து நான் வேலைக்குத் திரும்பியபோதுதான், த்ரீ கிங்ஸ் பகுதியில் உள்ள கடையில் என்னோடு வேலை செய்யும் தோழி ஒரு விஷயம் சொன்னாள். குடும்ப வருமானத்தைப் பொறுத்து, பிள்ளை உள்ளவர்களுக்கு வரி அலுவலகம் வாரந்தோறும் பணம் தருமாம்.

அன்றே இணையத்தில் விண்ணப்பித்தேன். குடும்ப வருமானம் கேட்ட இடத்தில், யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புவதைக் கழித்துவிட்டு மீதியை எழுதினேன். சம்பளம் வந்த அன்றே போய்விடும் காசை என்னுடையது என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

நான்கு வாரம் பணம் வந்தது. மகளுக்குப் புதுத் தள்ளுவண்டி வாங்கலாம் என்று நான் சொன்னபோது, கணவர் விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தார்.

"என்னப்பா இது? ஆருக்கு அனுப்பினாலும் நீர் உழைச்ச காசுதானே? வருஷ முடிவில கூடக் குடுத்ததைத் திருப்பிக் கேப்பினம்."

மறுநாளே வரி அலுவலகத்துக்குப் போன் செய்து திருத்தினேன். வாரப் பணம் குறைந்தது, வண்டியும் வாங்கவில்லை.

இப்போது வேலை நேரம் கூடினாலும் குறைந்தாலும் அன்றே வருமானத்தைத் திருத்திவிடுகிறேன். அம்மாவுக்கு அனுப்புவதை நிறுத்தவில்லை. படிவத்தில் குடும்பம் என்று கேட்கும் இடத்தில் அவர் இல்லை என்பதுதான் இன்னும் மனதுக்கு ஒப்பவில்லை.