வான்கோழிக் கருவும் இரண்டு வயது மகனும்

வெஸ்ட் வின்ட்சருக்குக் குடிவந்த வருடம், ஆய்வகத்தில் என் வேலை முட்டை உடைப்பது. கோழி, வாத்து, வான்கோழி முட்டைகளை உடைத்து, மஞ்சள் கருவின் மேலிருக்கும் வெள்ளைப் புள்ளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். அந்தப் புள்ளிதான் குஞ்சாக வளரும் கரு. எல்லாமே அன்றன்று இட்ட முட்டைகள். ஆனாலும் கோழிக் கருவின் நடுவில் தெளிந்த வட்டம் விழுந்திருக்கும்; வான்கோழியில் அது அப்போதுதான் தொடங்கியிருக்கும். இன்குபேட்டரில் ஒன்றாக வைத்தாலும் வான்கோழி பின்னால்தான் வரும். அது குறையில்லை, அதன் இயல்பு என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறேன்.

மகனுக்கு இரண்டு வயது முடிந்திருந்தது. ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. எது வேண்டுமானாலும் என் விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டுவான். டேகேரில் அவனைவிடச் சின்னப் பெண் ஒருத்தி வாய்விட்டுப் பால் கேட்டதைப் பார்த்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு, அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்று கூப்பிட்டுப் பார்ப்பேன். சில நேரம் திரும்புவான். சில நேரம் திரும்பமாட்டான். வீட்டில் இரண்டு மொழி, குழந்தை குழம்புகிறான் என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

ஒரு சனிக்கிழமை கணவர் சொன்னார்: “நீதானே சொல்லுவ, வான்கோழி லேட்டாதான் வளரும்னு. இவனும் அப்படித்தான். சும்மா டென்ஷன் ஆகாத.”

“அது வேற இனம். அதை கோழியோட கம்பேர் பண்ணி லேட்டுன்னு சொல்லக்கூடாது. இவனும் மத்த குழந்தைங்களும் ஒரே இனம்தானே? செக் பண்ணாம எப்படி விடறது?”

திங்கட்கிழமை அவரே கிளினிக்குக்கு போன் செய்து அப்பாயின்ட்மென்ட் வாங்கினார்.

சோதித்துப் பார்த்ததில், மகனுக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோலத்தான் இத்தனை நாளும் கேட்டிருக்கும் என்றார் டாக்டர். நீர் வடிய இரண்டு காதிலும் சின்னக் குழாய் வைக்க நாள் குறித்தார்கள். அதற்குள் ஒருநாள் ஆய்வகத்தில் வாத்து முட்டைகளில் கோழி என்று எழுதிவைத்தேன்.

குழாய் வைத்து முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, எங்கள் காரை ஒட்டி ஒரு டிரக் போனது. அவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வீறிட்டான். பின் சீட்டில் பக்கத்திலிருந்த நானும் அழுதேன். கணவர் காரை ஓரங்கட்டி நிறுத்தினார். ரொம்ப நேரம் வண்டியை எடுக்கவில்லை.

பேச்சு உடனே வந்துவிடவில்லை. ஸ்பீச் தெரபிக்கு மாதக்கணக்கில் அலைந்தோம். முதலில் வந்த சொல் ‘நோ’. இட்லித் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னான். தோசை வேண்டுமா என்று கேட்டேன். அதற்கும் நோ.