வராலுக்கு ஆசைப்பட்ட மழைக்காலம்

இரண்டாவது முறை உண்டானபோது என் வயிற்றில் எதுவும் தங்கவில்லை. கஞ்சி குடித்தால் கஞ்சி வெளியே வந்தது, மரச்சீனிக் கிழங்கு தின்றால் கிழங்கு. பூவாறிலிருந்து வரும் மீன்காரி படியேறும்போதே கடல்மீன் வாசனைக்குக் குமட்டும். முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் கலைந்துபோயிருந்தது. இதையும் பட்டினி போட்டுக் கொன்றுவிடுவேனோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரி டாக்டரம்மா, எது பிடிக்கிறதோ அதைச் சாப்பிடு என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். குடம்புளி போட்ட வரால் குழம்பு.

என் கணவருக்குப் பாறசாலையில் தையல் கடை. இடவம் என்கிற வைகாசி மாதத்தில் மழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே தொடங்கும், யூனிஃபாரம் துணி கடையில் கூரை முட்டக் கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் மதியமே கடையைச் சாத்திவிட்டு, வயலுக்கு மேலே இருந்த ஊர்க்குளத்துக்குத் தூண்டிலோடு போனார். இருட்டும் நேரத்தில் வெறுங்கையோடு வந்தார்.

"கிட்டல்ல பிள்ளே. நாளைக்குப் பாப்போம்."

மறுநாளும் அதே பதில். அதற்கடுத்த நாளும். பாவம், மனிதர் எனக்காக நனைகிறாரே என்று நானும் தலையைத் துவட்டிவிட்டேன்.

குளத்தில் துணி துவைத்துவிட்டு வந்த அடுத்த வீட்டு அக்காதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"மக்கா, உன் கெட்டியவன் தூண்டலைக் குளத்து வெள்ளத்தில போடவே இல்ல, கேட்டியா. வரால் பார்ப்புக்குக் காவலாக்கும் இருக்கான். அந்தப் படியில எங்களைத் துவைக்கவும் விடமாட்டேங்கான்."

வந்த கோபத்தில் குமட்டல்கூட நின்றுவிட்டது. குடையை எடுத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி வழுக்கும் வரப்பில் நடந்தேன். அவர் தலையில் தோர்த்துத் துண்டைப் போட்டுக்கொண்டு குளத்துப் படியில் குந்தியிருந்தார். தூண்டில் சுருட்டியபடி பக்கத்தில் கிடந்தது.

"பெண்டாட்டி சாகக் கிடக்கா, நீங்க மீனுக்குக் காவலா?"

"ஒச்ச வைக்காதே. இஞ்ச வந்து பாரு." சத்தத்தை அடக்கச் சொல்லிக் கையமர்த்தினார்.

ஆம்பல் இலைகளுக்கு நடுவே, தண்ணீரின் மேல் மிளகாய்ப்பொடி தூவியதுபோல் சிவப்பாக ஏதோ கொதித்தது. அதுதான் பார்ப்பு. கணக்கில்லாத வரால் குஞ்சுகள் ஒரே கூட்டமாக மூச்சுவாங்க மேலே வருவதும் கீழே போவதுமாக இருந்தன. அவற்றுக்கு அடியில் கறுப்பாக ஒன்று மெல்லத் திரும்பியது. என் கை நீளம் இருக்கும். என் குழம்பு.

"இப்பம் பிடிக்கது எளுப்பமாக்கும்," என்றார். "ஒரு தவளையைக் கோத்து பார்ப்புக்குள்ள போட்டா போரும். பிள்ளையைத் தின்ன வந்துட்டுன்னு பாஞ்சு வந்து கடிக்கும். இது போச்சுன்னா மத்த மீனு சேந்து பார்ப்பைத் தீத்துப்போடும்."

அது எனக்கும் தெரியாததல்ல. பார்ப்போடு திரியும் வராலை எங்கள் பக்கத்தில் யாரும் தொடமாட்டார்கள். எருமையைக்கூட அந்த ஓரத்தில் இறக்கமாட்டார்கள். தொட்டால் அடுத்த வருஷம் குளத்தில் வரால் இருக்காது. ஆனால் அடுத்த வருஷத்தைப் பற்றி யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்?

"ஒரு தள்ளைமீனுக்காக என்னைப் பட்டினி போடுதீங்களா?"

"தள்ளை மட்டும் இல்ல. தகப்பனும் உண்டு. அந்தா, அங்க."

கொஞ்சம் தள்ளி இன்னொரு கறுப்பு நகர்ந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"நாமளும் ரெண்டுபேரும் சேந்துதான் காத்தோம். நமக்குக் கிட்டல்ல. இதாவது பிழைச்சுப் போட்டும்னு தோணிச்சு."

போன பிள்ளையைப் பற்றி அவர் அதுவரை வாய் திறந்ததே இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுநாளே தையல் மிஷின் மிதிக்கப் போனவர். கல்நெஞ்சக்காரர் என்று அன்றுமுதல் மனதுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஈரப் படியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, குடையை அவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தேன்.

மறுநாள் முதல் மதியக் காவல் எனக்கு. அவர் கடையில் யூனிஃபாரம் தைத்தார். ஒருநாள் ஒருவன் தூண்டிலும் தவளையுமாக வந்தான். நான் பேசிய பேச்சில் தவளையை விட்டுவிட்டு ஓடினான், தவளையும் ஓடிற்று. தூக்குப் பாத்திரத்தில் கொண்டுபோன கஞ்சியைப் படியில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன். எப்படியோ அது வயிற்றில் தங்கியது.

குஞ்சுகள் சிவப்பு மாறிக் கறுத்து, தங்கள் தங்கள் வழியே பிரிந்துபோன பிறகு அவர் ஒரு வரால் பிடித்துவந்தார். அதற்குள் எனக்கு ஆசையே போயிருந்தது. சொல்லவில்லை. தலையைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன்.

விருச்சிகத்தில், கார்த்திகை மாதம், மகள் பிறந்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று பார்க்க வந்தவர்கள் எல்லாரும் அறை வாசலிலேயே நிற்க வேண்டியதாயிற்று. தோளில் தோர்த்தோடு அவர் தொட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். என் அம்மா உள்ளே வந்து பிள்ளையைத் தூக்கக் குனிந்தாள். அவர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"ஒச்ச வைக்காண்டாம். ஒறங்குதா."